ஏழாம் இரவுக்கு முன் எதைக் கற்பது? 7 டேஸ் டு டை கேமில் ஆட்டப் பாணியும் லெவலின் விலையும்

ஜாம்பிகள் திரியும் உலகில் பிழைத்துக் கிடக்க வேண்டிய 7 டேஸ் டு டை கேமை எந்தச் செட்டிங்கையும் தொடாமல் ஆடத் தொடங்கினால், கேமின் ஒரு நாள் நம் கடிகாரத்தில் 60 நிமிடம். அதிகாலை 4 மணி முதல் இரவு 10 மணி வரை பகல். அது 45 நிமிடம். மிச்சமுள்ள 15 நிமிடம் இரவு. அப்போது ஜாம்பிகள் நடப்பதை விட்டு ஓடத் தொடங்கும். ஏழாம் நாள் இரவு 10 மணிக்கு வானம் சிவந்து ரத்த நிலா வரும். அந்த இரவில் நீங்கள் எங்கே பதுங்கினாலும் ஜாம்பிகளுக்குத் தெரிந்துவிடும். வெறுங்கையோடு கண்விழிக்கும் முதல் நாளிலிருந்து முதல் ஹோர்ட் நைட், அதாவது ஜாம்பிக் கூட்டம் தாக்க வரும் இந்த ரத்த நிலா இரவு வரை கணக்குப் போட்டால், கையில் இருப்பது ஏறத்தாழ ஆறரை மணி நேரம். சுரங்கம் தோண்டுவது, வீடு வீடாகப் புகுந்து லூட் எடுப்பது, டிரேடர் என்ற வணிகரிடம் வேலை வாங்கிச் செய்வது, தற்காப்புக்கு பேஸ் கட்டுவது எல்லாம் இந்த நேரத்துக்குள் அடங்கியாக வேண்டும்.

புதிதாக ஆட வருபவர்கள் முதலில் கேட்பது, எந்த பில்ட், அதாவது எந்தத் திறன்களின் சேர்க்கை, நல்லது என்றுதான். பலம், அறிவு, சுறுசுறுப்பு என்று ஐந்து அட்ரிபியூட்டுகள் கண்முன் இருக்கும்போது இந்தக் கேள்வி வருவது இயல்பு. ஆனால் இந்த கேமில் லெவல் ஏறுவதற்கு ஒரு விலை இருக்கிறது. அந்த விலை எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று தெரியாமல் எந்த பில்டைப் பற்றியும் பேசிப் பயனில்லை.

பின்னணியில் கேம்ஸ்டேஜ் என்றொரு எண் ஓடிக்கொண்டே இருக்கிறது. உங்கள் லெவலையும் நீங்கள் சாகாமல் கடந்த நாட்களையும் கூட்டி, டிஃபிகல்ட்டிக்கு ஏற்ற அளவால் பெருக்கி அந்த எண்ணை எடுக்கிறார்கள். ஹோர்ட் நைட்டில் சாதாரண ஜாம்பிகள் வருமா, கண் ஒளிரும் ஃபெரல்கள் வருமா, பச்சையாக மின்னும் ரேடியேட்டட் வகை வருமா, நெஞ்சில் வெடிகுண்டைக் கட்டிக்கொண்டு வரும் டெமாலிஷர் வருமா என்பதையெல்லாம் அந்த எண்தான் முடிவு செய்கிறது. செத்துப்போனால் எண் கொஞ்சம் இறங்கும். நான்கு பேர் சேர்ந்து ஆடினால் நால்வரின் எண்களும் ஒன்றாகச் சேரும். அதிக எண் உள்ளவருடையது முழுதாகவும், மற்றவர்களுடையது குறைத்தும் கணக்கில் வரும்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அனுபவப் புள்ளி எந்த வழியில் வந்தது என்று கேம்ஸ்டேஜ் கேட்பதில்லை. ஜாம்பியைக் கொன்றாலும் புள்ளி வரும், பாறையை உடைத்தாலும் வரும், மரச்சுவரைக் கல்சுவராக மேம்படுத்தினாலும் வரும். சண்டையே போடாமல் ஐந்து நாள் சுரங்கத்தில் கிடந்த ஒருவரின் லெவல் விறுவிறுவென ஏறியிருக்கும். அவர் கையிலோ இன்னும் பைப் துப்பாக்கியும் நாலு அம்பும்தான் இருக்கும். ஏழாம் இரவு அவரைத் தேடி வரும் கூட்டம் அவர் லெவலுக்கு ஏற்றது. அவர் ஆயுதத்துக்கு ஏற்றது அல்ல. நன்றாகக் கட்டிய பேஸ் ஏன் திடீரென்று இடிந்து விழுந்தது என்று புலம்புபவர்களில் பலர் இந்த இடத்தில்தான் மாட்டியிருக்கிறார்கள்.

ஆகவே ஆட்டப் பாணி என்று நாம் சொல்வது, ஏறும் ஒவ்வொரு லெவலுக்கும் ஈடாகத் தற்காப்பை எந்த வழியில் ஏற்றிக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது. முதல் இரண்டு வாரம் குறுகலாகப் போகிறவர் பிழைப்பார், எல்லாவற்றிலும் ஒவ்வொரு புள்ளி போடுகிறவர் திணறுவார் என்பது என் உறுதியான எண்ணம். அதற்கான காரணம் இந்த கேமின் வரலாற்றிலேயே இருக்கிறது.

இரண்டு முறை மாறிய பாடத்திட்டம்

தி ஃபன் பிம்ப்ஸ் நிறுவனம் 2013-இல் கிக்ஸ்டார்ட்டரில் நிதி திரட்டி, அதே ஆண்டு டிசம்பரில் இந்த கேமை ஸ்டீமில் ஆரம்பநிலை வெளியீடாகக் கொண்டுவந்தது. 1.0 என்ற முத்திரை கிடைத்தது 2024 ஜூலையில். இடைப்பட்ட பத்தாண்டுக்கு மேலான காலத்தில் வரைகலையும் வரைபடமும் மாறியது பெரிதில்லை. ஒருவர் எப்படித் தேர்ச்சி பெறுகிறார் என்ற அடிப்படையையே அவர்கள் திரும்பத் திரும்பப் பிரித்துப் போட்டார்கள்.

ஆல்ஃபா 16 என்ற ஆரம்பகாலப் பதிப்பு வரை பெரும்பாலும் செய்யச் செய்யப் பழகும் முறை. தோண்டினால் தோண்டும் திறன் ஏறும், கட்டினால் கட்டும் திறன் ஏறும். கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் ஆட்டக்காரர்கள் ஒரு மூலையில் உட்கார்ந்து கற்கோடரியை நூற்றுக்கணக்கில் செய்து குவித்தார்கள். கோடரிகள் யாருக்கும் தேவைப்படவில்லை. திறன் ஏற வேண்டும், அவ்வளவுதான். உள்ளே ஆள் இல்லாத ஒரு தொழிற்சாலை போல பொருள் செய்யும் கிராஃப்டிங் வரிசை ஓடிக்கொண்டிருக்கும். எது அதிகப் புள்ளி தருமோ அதையே திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது அந்த முறையின் குறை.

2018-இல் வந்த ஆல்ஃபா 17 அதைத் தூக்கி எறிந்தது. எது செய்தாலும் பொதுவான அனுபவப் புள்ளி, லெவலுக்கு ஒரு திறன் புள்ளி, அதை வேண்டிய பெர்க் என்ற சிறப்புத் திறனில் போட்டுக்கொள்ளலாம் என்றானது. கற்கோடரிக் குவியல் ஒழிந்தது. பதிலுக்கு வேறொரு விசித்திரம் முளைத்தது: நாள் முழுக்க ஜாம்பிகளை அடித்துவிட்டு, அந்தப் புள்ளியை வைத்து ஒரே நொடியில் மெக்கானிக் ஆகலாம். செய்ததற்கும் கற்றதற்கும் தொடர்பு அறுந்துபோனது. பழைய ஆட்டக்காரர்களில் ஒரு சாரார் இன்றுவரை இதை மன்னிக்கவில்லை. அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. உழைப்பின் தடம் ஆளின் மேல் தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது சின்ன ஆசை அல்ல.

2023-இல் ஆல்ஃபா 21 மூன்றாவது முறையைக் கொண்டுவந்தது. இப்போது ஒரு பொருளை எந்தத் தரத்தில் செய்ய முடியும் என்பதைப் பத்திரிகைகள் தீர்மானிக்கின்றன. தபால் பெட்டி, செய்தித்தாள் பெட்டி, புத்தக அலமாரி, புத்தகக் கடை என்று தேடி எடுத்துப் படித்தால், ஒவ்வொரு இதழுக்கும் அந்தந்தக் கைவினைத் திறன் ஒரு படி ஏறும். ஃபோர்ஜ், வொர்க்பெஞ்ச், சிமென்ட் மிக்ஸர், கெமிஸ்ட்ரி ஸ்டேஷன் ஆகிய நான்கு பணிநிலையங்களும் ஒரே இதழ் வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கும். பெர்க் போடுவது சேதம், வேகம், ஸ்டாமினா போன்றவற்றைக் கூட்டும். எதைச் செய்யத் தெரியும் என்பது இதழ்களின் கையில்.

இரண்டும் இணையும் இடம் ஒன்று இருக்கிறது. குறுகலாகப் போகச் சொல்வதன் காரணமும் அதுதான். எந்த பெர்க்கில் புள்ளி போட்டிருக்கிறீர்களோ, அது சார்ந்த இதழ்கள் லூட்டில் கிடைக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஷாட்கன் பெர்க்கில் புள்ளி போட்டவருக்கு ஷாட்கன் இதழ் அதிகம் கிடைக்கும். ஷாட்கன், வில், ஈட்டி, கத்தி என்று நான்கிலும் ஒவ்வொரு புள்ளி போட்டவருக்கு நான்கு இதழும் கலந்து வரும். எதிலும் அடுத்த படிக்குப் போகுமளவு சேராது. அகலக்கால் வைத்தவர் இங்கே இரண்டு முறை அடி வாங்குகிறார். பெர்க்கின் பலமும் சிதறுகிறது, இதழும் சிதறுகிறது.

பத்திரிகை முறையைப் பற்றி என் மதிப்பீடு இது: ஆட்டக்காரரை வெளியே இழுத்து வந்ததில் அது வெற்றி பெற்றிருக்கிறது. தபால் பெட்டியைப் பார்த்தால் ஓடிப் போய்த் திறக்கும் ஆவலை அது கொடுத்தது. முன்பு வெறும் அலங்காரமாக நின்ற தெருக்களுக்கு அர்த்தம் வந்தது. ஆனால் ஒரு பாணிக்கு அது பெரிய அநியாயம் செய்தது. சுரங்கமும் கட்டுமானமும் மட்டுமே என் ஆட்டம் என்று இருந்தவர்களுக்கு இப்போது வழியே இல்லை. மலையைக் குடைந்து இரும்பும் நைட்ரேட்டும் மூட்டை மூட்டையாகச் சேர்த்தாலும், இதழ் கையில் வராமல் சிமென்ட் மிக்ஸரைச் செய்ய முடியாது.

ஐந்து அட்ரிபியூட்டும் முதல் வாரமும்

பெர்க்குகள் வெர்ஷனுக்கு வெர்ஷன் இடம் மாறுபவை. 1.0-இல் இருந்த அமைப்பை வைத்துப் பேசுகிறேன்.

பலம் அட்ரிபியூட்டில் கதாயுதமும் சுத்தியலும் ஷாட்கன்னும் இருக்கின்றன. கூடவே சுரங்கத் தோண்டல், சமையல், அதிகச் சுமை தூக்குவது ஆகியவையும் அங்கேயே. பலரும் இதிலிருந்து தொடங்குவதற்கு ஷாட்கன் முதற்காரணம் அல்ல, ஸ்டாமினாதான். முதல் சில நாட்களில் உங்களைக் கொல்வது பெரும்பாலும் மூச்சு வாங்கி நிற்கும் அந்த இரண்டு நொடி. கதாயுதத்தை நாலு முறை வீசியதும் ஸ்டாமினா பட்டை காலியாகிறது, ஓடவும் முடியாது, அடிக்கவும் முடியாது, அந்த நேரத்தில் இரண்டாவது ஜாம்பி கதவை உடைத்து உள்ளே வருகிறது. ஸ்டாமினா செலவைக் குறைக்கும் பெர்க் பலத்தில் இருப்பதால், தோண்டுவதற்கும் அடிப்பதற்கும் ஒரே முதலீடு போதும். வேறு எந்த அட்ரிபியூட்டிலும் ஒரு புள்ளி இவ்வளவு வேலை செய்வதில்லை.

சுறுசுறுப்பில் வில், கத்தி, பிஸ்டல். பதுங்கிச் சென்று முதுகுப்பக்கமிருந்து ஒரே அம்பில் வீழ்த்தும் சுகம் இதில்தான் கிடைக்கும். கட்டடங்களுக்குள் தூங்கிக் கிடக்கும் ஜாம்பிகள் எழும் முன்னே முடித்துவிடலாம். அமைதியாக, திட்டமிட்டு, ஒவ்வோர் அறையாக நகர்பவர்களுக்கு இதைவிட நிறைவான பாணி இந்த கேமில் இல்லை. ஆனால் ஏழாம் இரவில் இதன் அடித்தளமே ஆட்டம் காண்கிறது. ரத்த நிலாவில் பதுங்கல் செல்லாது, உங்கள் இருப்பிடம் எல்லா ஜாம்பிக்கும் தெரியும், பதுங்கித் தாக்கும்போது கிடைக்கும் கூடுதல் சேதம் அநேகமாக வேலைக்கு ஆகாது. பெரிய கட்டடங்களிலும் குறிப்பிட்ட இடத்தை மிதித்ததும் கூரையைப் பிளந்துகொண்டு விழும் ஜாம்பிக் கூட்டங்கள் இருக்கின்றன. அங்கேயும் பதுங்கல் தோற்றுவிடும். எனவே இந்தப் பாணிக்காரர் ஹோர்ட் நைட்டுக்கென்று தனியாக ஒன்றைத் தயார் செய்தாக வேண்டும். வில்லோடு பிஸ்டலும் அதே அட்ரிபியூட்டில் இருப்பது அந்த வகையில் உதவி.

உரம் என்று சொல்லத்தக்க ஃபார்ட்டிடியூடில் மெஷின் கன்னும் வெறுங்கைக் குத்தும் உண்டு. அடி வாங்கித் தாங்குவது, காயம் தானாக ஆறுவது, விவசாயம் ஆகியவையும் இதில் வரும். தனியாக ஆடுபவருக்கு இது சத்தமில்லாமல் கைகொடுக்கும். முதல் வாரத்தில் மெஷின் கன் கிடைப்பதும் அதற்குத் தோட்டா சேர்ப்பதும் கஷ்டம் என்பதால் பலர் கடந்து போய்விடுகிறார்கள்.

பார்வைக்கூர்மையில் ஈட்டி, ரைஃபிள், வெடிபொருள், அதோடு லூட் சார்ந்த பெர்க்குகள். ரெஞ்ச் கிடைத்ததும் சாலையோரக் கார்களைப் பிரித்து மெக்கானிக்கல் பார்ட்ஸும் மின் பாகங்களும் எடுப்பதற்கான பெர்க் இங்கேதான். இதன் மதிப்பு முதல் வாரத்தில் தெரியாது. மின்வேலியும் பொறிகளும் செய்யும் காலம் வரும்போது, கார்களைப் பிரித்து வைத்தவர் வேலையைத் தொடங்கிவிடுவார், மற்றவர் பாகம் தேடி ஊர் சுற்றுவார்.

அறிவு அட்ரிபியூட்டைப் பற்றி ஆட்டக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடுவார்கள். அதன் ஆயுதங்கள் மின்தடியும் தானாகச் சுடும் ரோபோ டரெட்டும். மின்தடி ஆரம்பத்தில் பலவீனம். டரெட் நீங்கள் அருகில் இருந்தால்தான் சுடும். விலகிப் போனால் அணைந்துவிடும். தனி ஆளாக முதல் வாரத்தை இதோடு கடப்பது சிரமம்தான். ஆனால் பேரம் பேசுவது, டிரேடர் வேலைக்குக் கூடுதல் பரிசு பெறுவது, வாகனம், மருத்துவம், மின்பொறியியல் எல்லாம் இங்கேதான் குவிந்திருக்கின்றன. பொறிகள் கொல்லும் ஜாம்பிகளிடமிருந்தும் அனுபவப் புள்ளி கிடைக்க வழி செய்யும் பெர்க்கும் இதிலேயே வருகிறது. நான்கு பேர் கூட்டாக ஆடும்போது ஒருவர் கட்டாயம் இதை எடுக்க வேண்டும். தனியாக ஆடுபவர் முதல் வாரம் பலத்தில் போட்டுவிட்டு, பிறகு இதற்கு வருவது நல்லது. தவறாகப் போட்டுவிட்டால் புள்ளிகளைத் திரும்ப எடுக்கும் மருந்து ஒன்று டிரேடரிடம் கிடைக்கும், விலைதான் அதிகம்.

டிரேடர் என்ற ராஜபாட்டை

டிரேடரிடம் வேலை வாங்கிச் செய்யும் பாணி இன்று மற்ற எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டது. குறிப்பிட்ட கட்டடத்துக்குப் போ, உள்ளே உள்ளவற்றைக் கொல் அல்லது ஒரு பெட்டியை எடுத்து வா என்பார். முடித்தால் டியூக் நாணயம், அனுபவப் புள்ளி, கூடவே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் ஒரு பரிசு. வேலைகளுக்குப் படிநிலை உண்டு. மேலே போகப் போகக் கட்டடம் பெரிதாகும், கடைசி அறையில் காத்திருக்கும் பெட்டிகளும் கனமாகும்.

இதன் உள்ளே ஓர் இயக்கம் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் ஏன் எல்லோரும் இங்கே வந்து விழுகிறார்கள் என்பது விளங்கிவிடும். வேலைக்கான கட்டடத்தின் வாசலில் ஒரு குறி மிதக்கும். அதைத் தொட்டால் வேலை தொடங்கும், அந்தக் கணமே கட்டடம் முழுதும் புதிதாக மாறிவிடும். உடைந்த கதவு மீண்டும் பூட்டியிருக்கும், காலியான பெட்டி மீண்டும் நிரம்பியிருக்கும். எனவே விவரம் தெரிந்தவர்கள் குறியைத் தொடும் முன் உள்ளே போய் எல்லாவற்றையும் வழித்துவிட்டு, வெளியே வந்து, குறியைத் தொட்டு, அதே அறைகளை மறுபடி வழிப்பார்கள். ஒரே கட்டடத்தில் இரண்டு முறை லூட், இரண்டு முறை இதழ்கள், இரண்டு முறை புள்ளிகள், அதற்கு மேல் டிரேடரின் பரிசு. 45 நிமிடப் பகலில் இவ்வளவு விளைச்சல் தரும் வேலை வேறெதுவும் இல்லை.

கட்டடங்களின் வடிவமைப்பும் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று. வெளிச்சம் எங்கே எரிகிறதோ அந்தப் பக்கம் போனால் வடிவமைத்தவர் விரும்பிய பாதை. பாதையின் முடிவில், பெரும்பாலும் கூரைக்கு அருகில், முக்கிய லூட் அறை. காலுக்குக் கீழே கட்டைகளை (பிளாக்குகளை) வைத்துக்கொண்டே நேரே கூரைக்கு ஏறி, பின்வாசல் வழியாக அந்த அறையை அடைவதும் நடக்கிறது. நெர்ட் போல் என்று அதற்குப் பெயர். அப்படிச் செய்தால் லூட் கிடைக்கும், ஆனால் வழியில் கொன்றிருக்க வேண்டிய ஜாம்பிகளின் புள்ளி கிடைக்காது. கேம்ஸ்டேஜ் கணக்கை நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள்: கையில் சரக்கு ஏறுகிறது, லெவல் ஏறவில்லை. ஏழாம் இரவு நெருங்கி ஆயுதம் பின்தங்கியிருக்கும் ஒருவருக்கு இது கெட்டிக்காரத்தனமான தேர்வு. இதை ஏமாற்று என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கட்டை அடுக்கத் தெரிந்த உலகத்தில் கட்டை அடுக்குவதும் ஒரு பாணிதான்.

லூட்டின் தரத்துக்கும் தனிக்கணக்கு உண்டு. உங்கள் லெவல், நீங்கள் நிற்கும் நிலப்பரப்பு, கட்டடத்தின் படிநிலை எல்லாம் சேர்ந்து பெட்டிக்குள் என்ன வரும் என்று முடிவு செய்கின்றன. பைன் காட்டில் கிடைப்பதைவிடப் பாலையிலும் பனியிலும் நல்லது கிடைக்கும், வேஸ்ட்லேண்ட் என்ற பாழ்நிலத்தில் அதைவிட நல்லது. அங்கே இரவில் திரியும் ஜாம்பிகளும் அதற்கேற்ற தரத்தில் இருக்கும். 2025-இல் வந்த 2.0 வெர்ஷன் இந்த நிலப்பரப்புகளுக்குப் புகை, வெப்பம், குளிர், கதிர்வீச்சு என்று தனித்தனி ஆபத்துகளைச் சேர்த்து, ஒன்றைச் சமாளித்த பிறகே அடுத்ததற்குப் போகும்படி வரிசைப்படுத்தியது. துணிந்தவர்கள் முதல் நாளே வேஸ்ட்லேண்டுக்கு ஓடிப்போய் ஆடும் பாணி அதனால் நெருக்கடிக்குள்ளானது. அந்தச் சுதந்திரத்தைச் சுருக்கியது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆழம் தெரிந்தே காலை விடுகிறவரை கேம் ஏன் தடுக்க வேண்டும்?

கட்டுபவரின் கணக்கு

பேஸ் கட்டுபவர்கள் இந்த கேமின் ஆன்மா. கட்டமைப்பின் எடையைத் தூண்கள் தாங்குகின்றனவா என்று கேம் உண்மையிலேயே கணக்கிடுகிறது. தாங்காத கூரை சரியும். மரம், கல், கான்கிரீட், எஃகு என்று ஒரே கட்டையைப் படிப்படியாக மேம்படுத்தலாம்.

ஆல்ஃபா 17-க்குப் பிறகு ஜாம்பிகளின் பாதை தேடும் அறிவு மாறிவிட்டது. சுவரின் வலிமையையும் தூரத்தையும் ஒப்பிட்டு, எது எளிதோ அந்த வழியில் வருகின்றன. நிலத்துக்கு அடியில் பதுங்கினால் தோண்டிக்கொண்டு இறங்குகின்றன. ஆகவே நான்கு பக்கமும் தடிமனான சுவர் எழுப்பி நடுவில் உட்காருவது மிக மோசமான திட்டம். வழியே இல்லாதபோது அவை கண்ணில் பட்டதையெல்லாம் இடிக்கும், எந்தத் தூண் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. அதற்குப் பதில் வேண்டுமென்றே ஒரு வழியைத் திறந்து வைக்க வேண்டும். ஒரு சரிவுப்பாதை, ஆள் அகல நடை, அதன் முடிவில் இரும்புக் கம்பிகளுக்குப் பின்னால் நீங்கள். கூட்டம் முழுவதும் அந்த ஒற்றை வரிசையில் வரும். நடுவில் மின்வேலி போட்டால் ஒவ்வொன்றும் அதில் சில நொடி உறைந்து நிற்கும். அந்த நொடிகளில் தலைக்கு ஓர் அடி. நடையின் தளத்தில் ஒரு சிறு இடைவெளி விட்டால் தவறி விழுபவை மறுபடி சுற்றி வர வேண்டியிருக்கும். ஹோர்ட் நைட்டில் ஒரே சமயத்தில் ஓர் ஆட்டக்காரரைத் தாக்கும் ஜாம்பிகளின் எண்ணிக்கை இயல்பான செட்டிங்கில் எட்டுதான். அந்த எட்டு வரிசையில் நிற்கும் வரை, கொன்றதற்குப் பதில் அடுத்தது வந்தாலும், நிலைமை உங்கள் கையில் இருக்கும்.

டெமாலிஷர் வரும் கட்டத்தில் இந்த வடிவமைப்பே மாற வேண்டும். அதன் நெஞ்சில் பச்சை விளக்கு எரியும் பொத்தான் இருக்கும். அங்கே அடி விழுந்தால் வெடிப்பு தொடங்கிவிடும், கான்கிரீட் நடை பறந்துபோகும். ஷாட்கன் சிதறல் எங்கே படும் என்று கட்டுப்படுத்த முடியாததால், பலத்தில் முழுதும் முதலிட்டவர் இந்த இடத்தில் ஒரு ரைஃபிளோ வேறு வழியோ தேடிக்கொள்ள வேண்டும். முதல் இரண்டு வாரத்தில் குறுகலாகப் போனவர், இப்போதுதான் விரிய வேண்டும்.

வசிக்கும் பேஸையும் சண்டை பேஸையும் தனித்தனியே வைப்பது நல்லது. ஃபோர்ஜும் அடுப்பும் டார்ச்சும் ஓர் இடத்தில் வெப்பத்தைச் சேர்க்கும். அது கூடினால் ஸ்க்ரீமர் என்ற பெண் ஜாம்பி வந்து நிற்கும். அவள் கத்தினால் ஒரு கூட்டமே திரண்டு வரும். நாலு ஃபோர்ஜை ஒரே அறையில் ஓட விட்டவர் வீட்டுக்கு வாரத்தில் எந்த நாளும் ஹோர்ட் நைட் ஆகலாம். சிலர் இதையே பாணியாக்கி, வேண்டுமென்றே ஸ்க்ரீமரை வரவழைத்துப் பொறிகளால் புள்ளி சேர்க்கிறார்கள். லெவல் ஏறும். ஏற்கனவே சொன்ன விலையும் சேர்ந்தே ஏறும்.

பேஸே வேண்டாம், வண்டியில் ஓடிக்கொண்டே இரவைக் கழித்துவிடலாம் என்று நினைப்பவர்களை வல்லூறுகள் விடுவதில்லை.

வேறொரு பாதை: ப்ராஜெக்ட் ஜோம்பாய்ட்

இதே வகையில் எதிர்த்திசையில் போன கேம் ஒன்றை ஒப்பிட்டால் படம் தெளிவாகும். தி இண்டி ஸ்டோன் உருவாக்கிய ப்ராஜெக்ட் ஜோம்பாய்ட், 1993 கோடையில் அமெரிக்காவின் கென்டக்கியில், நாக்ஸ் கன்ட்ரி என்ற கற்பனைப் பகுதியில் நடக்கிறது. உங்கள் திறமைக்கு ஏற்ப எதிரி வளரும் கணக்கு அதில் இல்லை. ஜாம்பிகளின் தன்மை முதல் நாள் எப்படியோ கடைசி நாளும் அப்படியே. ஒரே ஒரு கடி பட்டால், இயல்பான செட்டிங்கில், மரணம் உறுதி. அந்தப் பாத்திரம் சேர்த்த எல்லாத் திறனும் அதோடு போகும். 7 டேஸில் செத்தால் முதுகுப்பையும் கொஞ்சம் அனுபவப் புள்ளியும்தான் இழப்பு.

ஆகவே அங்கே பெரிய தேர்வு ஆட்டம் தொடங்கும் முன்பே நடந்துவிடுகிறது. தொழில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நல்ல குணங்களை வாங்க வேண்டும். அவற்றுக்கான புள்ளியைப் பெரும்பாலும் கெட்ட குணங்களை ஏற்றுத்தான் ஈட்ட முடியும். கிட்டப்பார்வை, அதிகப் பசி, மெதுவாகப் படிப்பது என்று எதைச் சுமக்கத் தயாராக இருக்கிறீர்கள் என்பதுதான் அங்கே பில்ட். பிறகு செய்யச் செய்யப் பழகும் முறை. நாற்காலியைப் பிரித்தால் தச்சு ஏறும். அதற்கு முன் தச்சுப் புத்தகத்தைப் படித்திருந்தால் பல மடங்கு வேகமாக ஏறும். முதல் வாரம் தொலைக்காட்சியில் வரும் செயல்முறை நிகழ்ச்சிகளைப் பார்த்தாலே சில திறன்கள் கூடும். மின்சாரம் போகும் முன் வீட்டுக்குள் உட்கார்ந்து டிவி பார்ப்பது அங்கே கடுமையான உழைப்பு. ஜெனரேட்டரை இயக்கும் முறையைச் சொல்லும் இதழை, எலக்ட்ரீஷியன் அல்லாதவர்கள், விளக்கு அணையும் முன் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

கற்கோடரிக் குவியல் ஏன் அங்கே பிரச்சினையாகவில்லை? புத்தகம் இல்லாமல் திரும்பத் திரும்பச் செய்வது தாங்க முடியாத அளவு மெதுவாக இருக்கும், புத்தகம் தேட வெளியே போனால் கடிபடும் ஆபத்து. பயிற்சியையும் தேடலையும் அந்த கேம் ஒரே முடிச்சில் போட்டிருக்கிறது. 7 டேஸின் பத்திரிகை முறை அதன் பாதி வழியில் நின்றுவிட்டது என்று நினைக்கிறேன். தோண்டுபவர் தோண்டும்போதே அந்த இதழின் ஒரு சிறு பங்கையாவது சம்பாதிக்க முடிந்திருந்தால், மலைக்குள் இருப்பவர்களும் தெருவில் அலைபவர்களும் ஒரே கேமை ஆடியிருப்பார்கள்.

கூட்டாக ஆடும்போதும், செட்டிங்ஸிலும்

நான்கு பேர் சேர்ந்தால் மேலே சொன்ன குறைகளில் பாதி தானாகவே தீரும். இதழ்களைப் பொதுப்பெட்டியில் போட்டு, ஆளுக்கொரு துறை என்று பிரித்துப் படித்தால், ஒருவர் ஃபோர்ஜ் வரிசையை வேகமாக முடிப்பார், இன்னொருவர் கவசத்தை, மற்றொருவர் சமையலை. சுரங்கம் மட்டுமே விரும்புபவருக்கு இங்கேதான் மறுபடி இடம் கிடைக்கிறது: மற்றவர்கள் கொண்டுவரும் அறிவுக்கு அவர் இரும்பு கொடுக்கிறார். ஒருவர் மட்டும் வெகுவாக லெவல் ஏறிவிட்டால் குழுவின் கேம்ஸ்டேஜ் அவரை ஒட்டியே உயரும். நேற்று சேர்ந்த புது ஆள் அந்த ஹோர்டையே எதிர்கொள்ள வேண்டும். அவருக்கு முதல் வேலையாகக் கவசமும் ஒரு நல்ல துப்பாக்கியும் கொடுத்துவிட வேண்டும், பெர்க் பேச்செல்லாம் பிறகு.

செட்டிங்ஸ் பக்கத்தையும் ஆட்டப் பாணியின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். நாளின் நீளத்தை 60 நிமிடத்திலிருந்து 120 ஆக்கினால் ஹோர்டுக்கு முன் இரண்டு மடங்கு நேரம் கிடைக்கும். அதே நேரத்தில் ஒவ்வொரு ஹோர்டையும் அதிக லெவலோடு சந்திப்பீர்கள், எனவே வரும் கூட்டமும் கனமாக இருக்கும். கட்டுவதில் ஆசை உள்ளவர்கள் நாளை நீட்டி, கூடவே அனுபவப் புள்ளியின் விகிதத்தைக் குறைத்தால், சுவர் எழுப்பவும் நேரம் இருக்கும், லெவலும் துள்ளாது. டிரேடர் பாணி சலித்தவர்கள் அனுபவப் புள்ளியை அப்படியே விட்டுவிட்டு லூட் அளவைக் குறைத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு இதழும் அரிதாகும், எந்தத் துறையில் முதல் புள்ளியைப் போடுவது என்ற முடிவு முன்பைவிடக் கனமாகும். ஹோர்ட் நைட்டின் இடைவெளியை ஏழு நாளிலிருந்து மாற்றவும், முழுதாக நிறுத்தவும் வசதி உண்டு. நிறுத்திவிட்டால் பதுங்கிச் செல்லும் பாணி தன் முழு மதிப்பைத் திரும்பப் பெறும். மின்வேலிக்கும் பொறிகளுக்கும், அவற்றுக்காக அறிவில் போட்ட புள்ளிகளுக்கும் வேலை வெகுவாகக் குறைந்துவிடும்.